முதல் வீடு: எந்த மண்ணில், எவர் பெயரில்?

வளைகுடா நாடுகளிலே தொழில் புரியும் எம்மவர் இருவர் விடுமுறை நாளொன்றில் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்து முடிந்த மறுகணமே எழும் கேள்வி ஒன்றுண்டு: "வீட்டு அலுவல் எந்த மட்டிலை நிக்குது?" சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நாகரிகமன்று. வீட்டைப் பற்றிக் கேட்பதிலே எவருக்கும் கூச்சமில்லை. அத்திவாரத்தோடு நிற்பவர் தலை குனிவார். கூரை போட்டவர் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் காட்டுவார். பதினைந்து ஆண்டுகள் பாலைவெயிலில் நின்றதற்கு அந்தப் படமே கணக்கு.

சென்ற மாதம் எமது பழைய மாணவர் ஒருவர் டுபாயிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். ஜெபல் அலியில் சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றிலே கணக்காளர். வயது நாற்பத்தொன்று. மனைவியும் இரு பிள்ளைகளும் உடன் இருக்கின்றனர். குடியிருக்கும் தொடர்மாடி வீட்டை விற்கப் போவதாகச் சொந்தக்காரர் பன்னிரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டார். "சேர், இங்கையே ஒரு பிளாட் எடுக்கட்டோ, அல்லது ஊரிலை காணியை வாங்கிப் போடட்டோ?" என்பது அவருடைய கேள்வி. அவசரத்தில் ஒரு சொல்லில் விடை கூறினோம். தொலைபேசியை வைத்த பின்னரே அந்த விடை போதாது என்பது உறைத்தது. அவரைப் போன்ற பலர் இப்பத்திரிகையைப் படிக்கின்றபடியால், நிறைவான விடையை இங்கு எழுத முனைகின்றோம்.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ தஞ்சம் பெற்ற எம் உறவினர் வீடு வாங்கும்போது, அந்நாட்டிலே தொடர்ந்து வாழும் உரிமையும் அவர்களிடம் இருக்கின்றது. வளைகுடாவின் ஆறு நாடுகளுள் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையொப்பமிடவில்லை. செல்வீச்சுக்கு அஞ்சி ஓடியவரும், வறுமைக்கு அஞ்சிப் போனவரும் அங்கே ஒரே முத்திரையுடன்தான் இறங்கினர்: தொழிலாளி. தொழில் உள்ளவரையில் வீசா. வீசா உள்ளவரையில் வதிவு. எனவே அங்குள்ள எம்மவர் வாழும் இடம் அவருக்கு உரியதன்று. அவருக்கு உரிய இடத்திலே அவர் வாழ்வதில்லை. முதல் வீடு பற்றிய ஆலோசனை எதுவும் இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்கவேண்டும். கனடாவில் வீடு வாங்கிய மைத்துனரின் புத்திமதி இங்கு அப்படியே பொருந்தாது.

வளைகுடாவிலே வெளிநாட்டவர் வீடு வாங்க முடியுமா என்று இன்றும் சிலர் கேட்கின்றனர். நாட்டுக்கு நாடு விடை வேறுபடும். குவைத்தில் எம் போன்றோருக்கு வழியில்லை என்றே கொள்ளலாம். டுபாயில் 2002ஆம் ஆண்டு கதவு திறந்தது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அதற்கு எழுத்து வடிவம் தந்தது. அதன்படி ஆட்சியாளர் குறித்தொதுக்கிய பகுதிகளிலே வெளிநாட்டவர் முழு உரித்தோடோ, 99 ஆண்டு வரையிலான குத்தகையோடோ ஆதனம் வைத்திருக்கலாம். அபுதாபி தனது முதலீட்டு வலயங்களில் 2019இலும், சார்ஜா குறித்த சில பகுதிகளில் 2022இலும் முழு உரித்தை அனுமதித்தன. பஹ்ரெய்னும் ஓமானும் கட்டாரும் தத்தம் நிலத்தில் சில பகுதிகளை மட்டும் ஒதுக்கியுள்ளன. சவூதி அரேபியா 2025 ஜூலையில் புதிய சட்டமொன்றை அங்கீகரித்தது. அங்கும் பெரும்பாலும் அரசு குறிக்கும் பகுதிகளிலேயே, மக்கா மதீனாவுக்குத் தனிக் கட்டுப்பாடுகளுடன். சுருங்கக் கூறின், வாங்க இயலும். ஆனால் கட்டிய கோட்டுக்குள்ளே.

டுபாயைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்வோம். எம்மவருள் பெரும்பாலானோர் வாங்க எண்ணுவது அங்கேதான்.

2008ஆம் ஆண்டின் இறுதியை அங்கு வாழ்ந்தவர் மறந்திருக்க மாட்டார். அதற்கு முந்திய மூன்றாண்டுகள் ஒரு வெறி பிடித்த காலம். மணலிலே கயிறு கட்டி, பலகையிலே படம் வரைந்து வைத்திருந்த கட்டடங்களை மக்கள் வரிசையில் நின்று பதிவு செய்தனர். எமது நண்பர் ஒருவர், மின்னியலாளர், இரண்டு தவணை கட்டிவிட்டு மூன்றாவது தவணைக்கு முன்னே இலாபத்துக்கு விற்றுவிடலாம் என்று நம்பினார். உலக நிதி நெருக்கடி வந்தது. விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. வேலையும் போயிற்று. கடனையும் திரும்பிய காசோலைகளையும் எண்ணி அஞ்சி, விமான நிலையத்திலே காரை விட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போனவர்களின் கதைகள் உலகப் பத்திரிகைகளிலே வந்தன. எமது நண்பர் காரை விடவில்லை. அவருக்குக் கார் இருக்கவில்லை. கட்டிய இரு தவணைகளை மட்டும் விட்டார். அவர் பதிவு செய்த கட்டடம் தரைக்கு மேலே எழவேயில்லை.

அன்றைய நிலை இன்று அப்படியே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கட்டி முடியாத வீட்டுக்கு வாங்குபவர் செலுத்தும் பணம் கட்டுநரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல், அந்தக் கட்டடத்துக்கெனத் திறக்கப்பட்ட காப்புக் கணக்குக்கே போகவேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அதே ஆண்டிலே 'ரெரா' எனப்படும் ஒழுங்குபடுத்தும் நிறுவனம் அமைந்தது. கட்டி முடியாத வீடுகளின் விற்பனையை இடைக்காலப் பதிவேட்டில் பதிய வேண்டுமென 2008ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. ஆகவே பணம் கேட்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஒரு திர்ஹமும் கொடுக்கக் கூடாது. காப்புக் கணக்கின் இலக்கம் எது? கட்டடத்தின் பதிவு இலக்கம் எது? எமது பெயரில் இடைக்காலப் பதிவு எப்போது கிடைக்கும்? இவற்றைக் காணித் திணைக்களத்திலே சரிபார்க்கலாம். "முதலில் எனது கணக்குக்கு ஒரு சிறு முற்பணம் போடுங்கள், அண்ணை" என்று சொல்லும் தரகர் எங்களூர்க்காரராக இருந்தாலும், அதிலும் குறிப்பாக எங்களூர்க்காரராக இருந்தால், எழுந்து வந்துவிட வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எமது மாணவர் பார்த்த வீட்டின் விலை பத்து இலட்சம் திர்ஹம். முதல் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு, விலை ஐம்பது இலட்சத்தைத் தாண்டாவிடில், 80 வீதம் வரை வங்கி கடன் தரலாம் என்பது 2020ஆம் ஆண்டில் மத்திய வங்கி தளர்த்திய விதி. ஆக இரண்டு இலட்சம் கையிலிருந்து போகவேண்டும். கதை அத்தோடு முடியவில்லை. காணித் திணைக்களத்துக்கு மாற்றுக் கட்டணம் 4 வீதம்: நாற்பதாயிரம். தரகருக்கு வழக்கமான 2 வீதமும் அதன்மேல் வரியும்: இருபத்தோராயிரம். பதிவு அலுவலகக் கட்டணம், கடனைப் பதிவு செய்யும் கால் வீதம், மதிப்பீட்டுக் கூலி எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்பது, பத்தாயிரம். முன்னர் சில வங்கிகள் இந்தக் கட்டணங்களையும் கடனோடு சேர்த்துத் தந்தன. 2025 பெப்ரவரியோடு அதற்குத் தடை வந்துவிட்டது. எனவே பத்து இலட்சத்து வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரொக்கமாக வேண்டும். விலைப் பலகையிலே இது எழுதப்பட்டிருப்பதில்லை.

மாதத் தவணை என்ன? எட்டு இலட்சக் கடன், 4 வீத வட்டி, 25 ஆண்டு என்று எடுத்தால் சுமார் 4,220 திர்ஹம். வாடகையோடு ஒப்பிடும்போது இது கவர்ச்சியாகத் தோன்றும். அங்கேதான் வயது குறுக்கே வருகின்றது. வெளிநாட்டு ஊழியர் 65 வயதுக்குள் கடனைக் கட்டி முடிக்கவேண்டும். நாற்பது வயதில் வாங்குபவருக்கு 25 ஆண்டு கிடைக்கும். ஐம்பத்திரண்டில் வாங்குபவருக்குப் பதின்மூன்று ஆண்டே எஞ்சும். அதே கடனுக்கு அவர் மாதம் 6,580 வரை கட்டவேண்டும். எம் வயதொத்தவர்கள், "இப்போதுதான் கையில் கொஞ்சம் சேர்ந்தது" என்று வங்கிக்குப் போய் முகம் வாடித் திரும்புவதன் காரணம் இதுவே. மேலும், கார்க் கடன், கடன் அட்டை எல்லாம் உட்பட மாதக் கட்டுமானம் வருமானத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. இவ்விதியைக் குறை சொல்வோர் உளர். எமக்கு அது ஒரு நல்ல தகப்பனின் கண்டிப்பாகவே தோன்றுகின்றது.

வீடு கைக்கு வந்த பின்னரும் செலவு நிற்பதில்லை. பொதுப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்குப் பதினைந்து திர்ஹம் என்று வைத்தால், எண்ணூறு சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். வாங்குமுன் அந்தக் கட்டடத்தின் சென்ற ஆண்டுக் கட்டணப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். மத்திய குளிரூட்டல் உள்ள கட்டடமாயின் அதன் சிட்டையையும் ஓகஸ்ட் மாதத்துக்குரியதாகக் கேளுங்கள். ஜனவரிச் சிட்டையைக் காட்டி ஏமாற்றுவது வழக்கம்.

எமது மாணவரிடம் இருந்த சேமிப்பு ஒரு இலட்சத்து அறுபதாயிரம். இரண்டு எழுபதுக்கு அது எட்டாது. இந்த இடைவெளியைத்தான் கட்டி முடியாத வீட்டின் தரகர் நோக்கி வருகின்றார். "பத்து வீதம் போதும், மிச்சத்தை மாதம் ஒரு வீதமாகக் கட்டலாம்" என்கின்றார். பத்து இலட்சத்தில் ஒரு வீதம் என்றால் மாதம் பத்தாயிரம். வாடகை கட்டிக்கொண்டே அதையும் கட்டவேண்டும். திறப்புக் கையளிக்கும்போது பெருந்தொகை மீதி நிற்கும். அந்நேரம் வேலை இருக்குமா, வங்கி கடன் தருமா, விலை நிற்குமா என்பதெல்லாம் எவருக்குத் தெரியும்? கட்டி முடியாத வீட்டுக்கு வங்கி பாதிவரையே கடன் தரலாம் என்று மத்திய வங்கி 2013இலேயே வரம்பிட்டது. பொறுப்புள்ள வங்கி பாதிக்கு மேல் நம்பாத ஒன்றை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து நாம் முழுமையாக நம்பவேண்டுமா?

இதற்கு மறுதரப்பும் உண்டு. 2025 ஜூலையில் டுபாய் அரசே முதல் வீடு வாங்கும் வதிவோருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புதிய கட்டடங்களில் முன்னுரிமை, சில சலுகைகள் என்பன அதில் அடங்கும். பிள்ளைகள் அங்கேயே படித்து, இன்னும் பத்தாண்டு அங்கேயே இருப்பது உறுதியெனக் கருதுபவர், கட்டி முடிந்த சிறிய வீடொன்றை, ஆறு மாதச் செலவைத் தனியே ஒதுக்கிய பின்னர், வாங்குவதை நாம் தவறென்று கூறமாட்டோம். இருபது இலட்சம் திர்ஹத்துக்கு ஆதனம் வாங்கியவர்க்குப் பத்தாண்டு வீசா கிடைக்கின்றது என்பதும் உண்மையே. ஆனால் அது வீசா, குடியுரிமையன்று. இதை ஒரு தடவை சொன்னாற் போதாது என்பதே எமது அனுபவம்.

இன்னுமொன்று. அங்கே ஆதனம் வாங்கும் முஸ்லிமல்லாதோர் மரணசாசனம் எழுதிவைக்காமல் இருக்கலாகாது. சாசனம் இல்லாதவிடத்துப் பாதி துணைக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும் என 2023 பெப்ரவரியிலே நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் கூறுகின்றது. முன்னைய நிலையிலும் இது மேலானதே. ஆயினும் கணவன் இறந்து, வீசாவும் முடிவடையவிருக்கும் ஒரு பெண், அந்நிய மொழியில் நீதிமன்றத்துக்கு அலைவதைக் குறைப்பது எழுதிவைத்த ஒரு தாள்தான்.

இனி ஊருக்கு வருவோம். இங்கே வளைகுடாத் தமிழருக்கு, மேற்கு நாடுகளில் உள்ள உறவினருக்கு இல்லாத ஒரு பலம் இருக்கின்றது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கின்றது. நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடு, மரபுரிமையாக வருவது, இரட்டைக் குடியுரிமை பெற்றோர் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. கனேடியக் கடவுச்சீட்டு எடுத்தவர் தன் பிறந்த ஊரிலே ஒரு பரப்புக் காணி வாங்க இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. நாற்பதாண்டு உழைத்தாலும் குடியுரிமை தராத வளைகுடா, எம்மவரின் இலங்கைக் கடவுச்சீட்டை அப்படியே விட்டு வைத்திருக்கின்றது. மறுப்பிலே விளைந்த ஒரு நன்மை. அதைப் பயன்படுத்த வேண்டும்.

பணமதிப்பும் ஒருவகையில் துணை நிற்கின்றது. திர்ஹம் 1997 முதல் டொலரோடு கட்டப்பட்டு நிற்கின்றது. 2022இன் தொடக்கத்திலே ஒரு திர்ஹத்துக்கு ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலங்கை ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் தொண்ணூற்றெட்டு வரை. கடனை ரூபாயில் எடுத்து, உழைப்பைத் திர்ஹத்தில் பெற்றவர் அவ்வாண்டு தப்பினார். சேமிப்பையெல்லாம் ரூபாயாக மாற்றி ஊர் வங்கியில் போட்டிருந்தவர் அழுதார். சீமெந்தும் கம்பியும் தம் பங்குக்கு ஏறின என்பது வேறு கதை. கட்டுமானப் பணத்தை ஒரேயடியாக அனுப்பாமல், வேலை நடக்க நடக்க அனுப்புவதே எமது பரிந்துரை.

ஊரிலே காணி வாங்குவதன் இடர் விலையில் இல்லை, உறுதியிலே இருக்கின்றது. இதில் எமது சொந்தக் கதையை மறைப்பதால் பயனில்லை. 2002இலே யுத்தநிறுத்தம் வந்து, ஏ-9 பாதையும் திறந்தபோது, காணி விலை மளமளவென்று ஏறிற்று. நாம் அப்போது பள்ளியிலிருந்து விலகி வளைகுடா சேர்ந்து இரண்டாண்டு. பிந்தினால் கிடைக்காது என்ற பதற்றத்திலே 2004இல், உறவினர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து, வலிகாமத்தில் நான்கு பரப்புக் காணி வாங்கினோம். உறுதி எழுதப்பட்டது, நொத்தாரிசு ஒப்பமிட்டார், சாட்சிகள் இருவரும் ஒப்பமிட்டனர். உறுதியின் பிரதி எமது தலையணையின் கீழ் இருந்தது. 2011இலே ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. எமக்கு விற்றவருக்கு அக்காணியில் இருந்தது பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கே. மற்ற இரு பங்குகளும் அவரது சகோதரிகளுக்கு உரியன. தகப்பனின் உறுதியை நாம் கேட்கவில்லை. முப்பதாண்டுப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் செலவாகும் சிறு தொகையை மிச்சம் பிடித்தோம். பங்கு வழக்கு ஆறாண்டு நடந்தது. முடிவில் எமக்கு ஒரு பரப்பும் சில குழிகளும் எஞ்சின. இருபது ஆண்டு மாணவருக்குக் 'கவனமாக வாசித்து விடை எழுதுக' என்று சொன்ன வாத்தியார் கதை இது.

ஆகவே கேட்கவேண்டியவற்றைக் கேட்போம். வட மாகாணக் காணியாயின் தேசவழமை பேசும். பங்காளருக்கும், விற்பவர் இறப்பின் வாரிசாகக் கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கொடுக்கின்றது. அவர்களுக்கு முறையாக அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். விற்பவர் மணமான பெண்ணாயின் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். அது நியாயமா என்பதிலே எமக்குக் கருத்துண்டு. ஆயினும் கையொப்பம் இல்லாத உறுதியை வாங்கிவிட்டுப் பெண்ணுரிமை பேசுவதால் காணி கிடைக்காது. உறுதி எழுதிய அன்றே, பிந்தினால் மறுநாளே, காணிப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றுவிட்டால், வஞ்சகம் நிரூபிக்கப்படாவிடில், முன்னர் எழுதியவர்க்கல்ல, முன்னர் பதிந்தவர்க்கே சட்டம் சாயும்.

அற்றோணித் தத்துவத்தை எவருக்கும் பொதுவாகக் கொடுக்காதீர்கள். இந்தக் காணியை, இந்த விலைக்கு, வாங்க மட்டும் என்று வரையறுத்துக் கொடுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் தரும் பத்திரத்தில், வேலைக்குப் போகும் அவசரத்தில் தூதரகத்தின் முகப்பில் நின்று கையொப்பமிட்ட எத்தனையோ பேர் இன்று தம் சகோதரரோடு பேசுவதில்லை.

வெறுங்காணியாக விட்டுச் செல்வோர் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். பத்தாண்டு தடையின்றி, உரித்தாளருக்கு எதிராக ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வழக்கிட இயலாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை அந்தப் பத்தாண்டில் சேர்க்கலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஜூனில் பெயர்ந்தவர்க்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்க்கும் இது பயன்படத்தக்க சட்டம். ஆனால் வழக்கிட இரண்டாண்டு அவகாசமே அது தந்தது. வளைகுடாவிலே இருந்த பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. காணியிலே யாரையாவது குடியிருத்தினால், 'உரித்தாளரின் அனுமதியுடன் இருக்கின்றேன்' என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். உறவினரிடம் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும்.

கொழும்பிலே, வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடி வாங்குவோருக்கு ஒரு வரி போதும்: கட்டடத்துக்குரிய பூர்த்திச் சான்றிதழும், உங்கள் வீட்டைத் தனி அலகாகக் காட்டும் பதிவு செய்யப்பட்ட தொடர்மாடித் திட்டப்படமும் இல்லையென்றால், அங்கே நீங்கள் வாங்குவது சுவர்களை மட்டுமே.

இதுவரை கணக்காளரையும் மின்னியலாளரையும் பற்றியே பேசினோம். வளைகுடாவிலிருந்து வீடு கட்டுவோருள் பெருந்தொகையினர் அவர்கள் அல்லர். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மூதூரிலிருந்தும் வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார்தாம் அவர்கள். கிழக்கிலே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. மகள் பெரியவளானதும் தாய் குவைத்துக்கும் சவூதிக்கும் விமானம் ஏறுகின்றாள். அவளுக்கு வங்கிக் கடனுமில்லை, தரகருமில்லை. மாதம் மாதம் அனுப்பும் பணம் கல்லாகின்றது, கதவாகின்றது. ஆனால் எவருடைய காணியில்? பல இடங்களில் அது கணவனின் பெயரிலோ, அவனுடைய தமையனின் பெயரிலோ உள்ள அரச அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அக்காணிகளிலே, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் என்ற ஒழுங்கு 2022இல் திருத்தப்படும் வரை இருந்தது. இரண்டு ஒப்பந்தம் முடித்துத் திரும்பிவந்த தாயொருத்தி, தான் கட்டிய வீட்டிலே விருந்தாளியாக நின்ற காட்சியை நாம் கண்டதுண்டு. கணவன் வேறொருத்தியோடு அங்கே குடியிருந்தான். அவள் கையிலே பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் ஒரு பை நிறைய இருந்தன.

எனவே எமது கருத்தைத் திட்டமாகச் சொல்கின்றோம். முதற் கல் வைக்குமுன் பெயரை வையுங்கள். பெண் உழைக்கும் வீடு பெண்ணின் பெயரில் இருக்கட்டும். இருவரும் உழைத்தால் இருவர் பெயரிலும். தேசவழமை திருமண காலத்திலே தேடிய தேட்டத்தில் துணைக்குப் பங்கு வைத்திருப்பது உண்மையே. அது வடக்குக்குரிய சட்டம், நீதிமன்றத்தின் வாசலில் மட்டுமே நினைவுக்கு வருவது. உறுதியில் எழுதிய பெயர் நாள்தோறும் பேசும். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்திலே சென்று பின்னுரித்தாளரைப் பதிவு செய்த பின்னரே சீமெந்துக்குப் பணம் அனுப்புங்கள். இதைக் கேட்டால் குடும்பம் கலையும் என்று அஞ்சுவோர், பத்தாண்டு கழித்து அது எப்படிக் கலைகின்றது என்பதை வந்து பார்க்கலாம்.

வீட்டின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பூட்டிய மாளிகைகள் பெருகிவிட்டன. ஐந்து அறை, இரண்டு மாடி. உள்ளே கறையானும் முதிய தாயொருவரும். இரண்டு அறையும் குசினியும் நல்ல கூரையும் முதலில் போதும். அத்திவாரத்தை மட்டும் மேல்மாடிக்குத் தாங்கும்படி போட்டு வையுங்கள். கிணற்றை முதலில் பாருங்கள். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளிலே எண்ணெய் கலந்திருந்த விவகாரம் 2014, 2015இலே வெளிவந்த பின்னர், நீரைச் சோதிக்காமல் காணி வாங்குவது அறிவுடைமையாகாது. சோதனைக்குக் கொடுக்கும் போத்தலை நீங்களே நிரப்புங்கள்.

எமது மாணவருக்கு மறுபடியும் தொலைபேசியில் பேசினோம். கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டவேண்டாம், பன்னிரண்டு மாத அவகாசத்துக்குள் சற்றுத் தொலைவிலேனும் வாடகைக்கு மாறுங்கள், அந்த ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தைத் தொடாதீர்கள் என்றோம். மனைவிக்குச் சீதனமாக வந்த கொக்குவிற் காணி இரண்டு பரப்பு உண்டாம். அது மனைவியின் தாயாரின் பெயரிலேயே இன்னும் இருக்கின்றது, நன்கொடை உறுதி எழுதப்படவில்லை, மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது என்பதைப் பேச்சுவாக்கிலே சொன்னார். டிசம்பரிலே மூன்று வார விடுமுறையில் போகின்றாராம். இரண்டு கல்யாணம், ஒரு பூப்புனித நீராட்டு விழா, நல்லூர், நயினாதீவு என்று நாள்கள் நிறைந்துவிட்டனவாம். காணிப் பதிவகம் திங்கள் முதல் வெள்ளி வரையே திறந்திருக்கும், விடுமுறையின் முதல் திங்களே அங்கு போங்கள், மாமியாரையும் அடையாள அட்டையோடு கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள் என்று சொல்லி வைத்திருக்கின்றோம்.